முப்பத்தெட்டு சதவீதம்

மாவட்ட அலுவலகத்தில் எனக்குக் கடைசி வரிசை.
நாற்காலிக்கு ஒரு கால் வளைந்திருந்தது.
புரொஜெக்டர் சுவரில் ஒரு வரைபடம் போட்டது.
எல்லாப் பக்கமும் பச்சை.
பெரும்பாக்கம் மட்டும்
சாயம் போன பாவாடை மாதிரி.

"முப்பத்தெட்டு சதவீதம்" என்றார் அண்ணன்.
"உங்க ஆளுங்க ஏம்மா வர்றதில்ல?"

உங்க ஆளுங்க.

இருபத்தொரு வருஷமாய்
எனக்கும் அவருக்கும் ஒரே கொடி.
ஆனாலும் அந்தச் சொல்
எல்லாருக்கும் கண்ணாடி டம்ளர் நீட்டிவிட்டு
எனக்கு மட்டும் நீட்டிய
பேப்பர் கப் போல வந்து நின்றது.

மைக் கடைசி வரிசைக்கு வரவில்லை.
வந்திருந்தால் சொல்லியிருப்பேன்:

கூவத்துக் கரையில் இருந்தவரை
பூத் எங்களுக்குக் கூப்பிடு தூரம்.
அடுப்பில் உலை வைத்துவிட்டுப் போய்
மை காயுமுன் வந்து அரிசி போடலாம்.
பிறகு லாரி வந்தது.
பீரோ ஏறியது, குடம் ஏறியது,
மேரியின் நாய் சைதாப்பேட்டை வரை
பின்னாலேயே ஓடி வந்தது.
ஓட்டு ஏறவில்லை.
அது இன்னமும் அந்தப் பள்ளிக்கூடத்தில்,
இரண்டாம் வகுப்பு பி பிரிவில்,
நாங்கள் வருவோமென்று உட்கார்ந்திருக்கிறது.

போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ்.
தேர்தலன்று விடுமுறை என்று பேப்பரில் போடுகிறார்கள்.
தேசம்மாள் பாத்திரம் தேய்க்கும் வீட்டுக்கு
அந்தப் பேப்பர் வருகிறது,
விடுமுறை வருவதில்லை.

மைக் வராததால்
படிவங்களை வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு
வீடு வந்தேன்.

எட்டு மாடி. லிஃப்டுக்குள் யாரோ சைக்கிள் வைத்திருந்தார்கள்.
முகவரி மாற்றப் படிவம் எட்டு,
புதுப் பெயர் சேர்க்க ஆறு;
மாடிப்படியில் உட்கார்ந்து நிரப்பி நிரப்பி
என் கையெழுத்தே எனக்கு அலுத்துப்போனது.
ஐந்தாம் மாடி எலியாசின் பெயரைப்
பட்டியலில் இறந்தவர் என்று நீக்கியிருந்தார்கள்.
காட்டினேன்.
கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னார்:
"செத்தவனுக்கு எதுக்கும்மா
மாசாமாசம் பராமரிப்புக் கட்டணம் கேக்குறான்?"

ரோஸ்லினுக்குப் பத்தொன்பது வயது.
ஸ்கேன் சென்டரில் ராத்திரி வேலை.
படிவத்தைத் தொடவில்லை.
கதவில் சாய்ந்தபடி கேட்டாள்:
"அக்கா, உங்க கட்சிக்குள்ள
உங்களுக்கு ஓட்டு இருக்கா?"

இருக்கிறது என்று சொல்ல வாய் திறந்தேன்.

ஒவ்வொரு அமைப்புத் தேர்தலுக்கும்
மேலேயிருந்து ஒரு தாள் வரும்.
பெயருக்கு நேரே, போட்டியின்றி.
நாங்கள் கை தட்டுவோம்.
என் உள்ளங்கை ரேகையில் பாதி
அப்படித்தான் தேய்ந்திருக்க வேண்டும்.

பதில் சொல்லாமல் இறங்கி வந்தேன்.
மூன்றாம் மாடியில் கரண்ட் போனது.
இருட்டில் நின்று எண்ணிப் பார்த்தேன்:
போஸ்டர் ஒட்டியது, மாலைக்குக் காசு பிரித்தது,
வேனில் ஆள் ஏற்றியது,
தலை எண்ணிக் கணக்குக் கொடுத்தது.
அந்தக் கணக்கில்
என் தலையையும் சேர்த்துத்தான் கொடுத்திருந்தேன்.

அடுத்த வாரம் அலுவலகத்தில்
வட்டச் செயலாளர் பதவிக்கு வேட்பு மனு கேட்டேன்.
மேசைப் பையன் அண்ணனைப் பார்த்தான்.
அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார்.
"இது பொதுவா கேக்குறவங்க இல்லையேம்மா" என்றார்.
"அதான் முப்பத்தெட்டு" என்றேன்.

கட்டணம் ஐந்நூறை
மொத்தமும் பத்து ரூபாய்த் தாளாக எண்ணி வைத்தேன்.
மாடி மாடியாய் வந்த பணம்,
ஒன்றில் மீன் வாசம்கூட இருந்தது.

அண்ணன் மனுவைப் புரட்டினார்.
வழிமொழிபவர் தேசம்மாள், சரி.
முன்மொழிபவர் எலியாஸ்.
அட்டையைப் பார்த்தார், வாக்காளர் பட்டியலைப் பார்த்தார்,
மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"இவரு செத்துட்டாரேம்மா?"

"வெளிய நிக்கிறாருண்ணே.
செருப்பு அறுந்துபோச்சு, தைக்கக் குடுத்திருக்காரு.
கூப்பிடட்டுமா?"