காம்பு எதுவரை

கடைக்குள் வந்தவள் கையுறையைக் கழற்றவில்லை.
மூக்குக்கண்ணாடி வெளுத்திருந்தது,
துடைக்கவும் இல்லை.
மேசையில் வைத்தாள் ஒரு பிடியை.
வெறும் பிடி.
துருவமான் கொம்பு, சுற்றிலும் பூவேலை,
அடியில் என் கடை முத்திரை.

"அலகு பனிக்குள் எங்கோ கிடக்கிறது.
மே மாதம் கிடைக்கும்" என்றாள்.

நார்வேயின் வடகோடி, காராஷோக்,
சூரியன் எட்டிப் பார்க்காத ஜனவரி.
ரௌத்னாவை எனக்குத் தெரியும்.
எத்தனை மான் வைத்திருக்கிறாய் என்று
எங்களில் யாரும் யாரையும் கேட்பதில்லை,
அதனால் நிறைய என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் கோப்பைக் காப்பியில்தான் கதை வந்தது.
பனி ஸ்கூட்டர் நடுவழியில் நின்றுவிட்டது.
தீ மூட்ட வேண்டும்.
பிர்ச் கட்டையில் கத்தியைப் பதித்து
அதன் முதுகில் தட்டியிருக்கிறாள்.
ஒன்று. இரண்டு.
மூன்றாவதில் கையில் பூவேலை மட்டும்.
பிறகு மரப்பட்டையைப் பல்லால் உரித்தாளாம்.

"விற்கும்போது என்ன சொன்னாய், அஸ்லாத்?"
"துருவே பிடிக்காது என்றேன்."
"அப்புறம்?"
"ஆயுசுக்கும் வரும் என்றேன்."
"யாருடைய ஆயுசு என்று சொல்லவில்லை."

ஒன்பது கத்திகளை எடுத்து வைத்தேன்.
கையுறையோடே ஒவ்வொன்றாய்ப் பிடித்துப் பார்த்தாள்.
வழவழப்பானவை ஒதுங்கின.
பிடியில் பித்தளைப் பூண் போட்டதை
என் பக்கம் தள்ளினாள்:
"இதை வெளியே கொண்டுபோய் நாக்கால் தொடு பார்க்கலாம்."
தோல் உறை ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள்.
தண்ணீர் வடிய அடியில் துளை இல்லை.
உறையே உறைந்துபோகும் ஊரில்
அப்படிச் செய்தவன் எந்த ஊர்க்காரனோ.

பளபளவென்று இருந்ததை நான் நீட்டினேன்.
"துரு பிடித்தால் தேய்த்துக்கொள்வேன்,
கூர் பிடிக்காவிட்டால் என்ன செய்ய?
என் சாணைக்கல் தீப்பெட்டி அளவு."

பிறகு கேட்டாள்:
"இதிலெல்லாம் காம்பு எதுவரை போகிறது?"
"முழுக்க."
"பார்த்தாயா?"

இருபத்தாறு வருடமாய் விற்கிறேன்.
பார்த்ததில்லை.

பின்கட்டிலிருந்து ரம்பம் கொண்டுவந்தேன்.
உடைந்ததன் உடன்பிறப்பு இன்னும் இரண்டு இருந்தது.
ஒன்றை இடுக்கியில் பொருத்தி
பிடியை நீளவாக்கில் அறுத்தேன்.
கொம்பு கருகும் வாசனை.
உள்ளே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கம்பி.
மிச்சம் பசை.
அதற்கும் மிச்சம் காற்று.

குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.
நாங்கள் இருவரும் அதைக் கேட்டோம்.

அவள் எடுத்தது
கண்ணாடி அலமாரிக்குள் நான் வைக்காத ஒன்று.
கறுப்பு ரப்பர் பிடி, தடித்த முதுகு,
உள்ளங்கை அகலத்துக்குச் சற்றே நீண்ட அலகு.
எஃகு பிடிக்குள் ஓடி
அடியில் நகம்போல் வெளியே எட்டிப் பார்த்தது.
இதை மட்டும் அறுக்க வேண்டியிருக்கவில்லை.

"ராத்திரி குளிர்பெட்டியில் வைத்துச் சோதிக்கலாம்" என்றேன்.
அப்போதுதான் சிரித்தாள்.
"உன் குளிர்பெட்டியில் மைனஸ் பதினெட்டு.
வாசல் ஆணியில் மாட்டு."

மறுநாள் காலை, மைனஸ் முப்பத்தேழு.
படிக்கட்டில் கட்டையை நிறுத்தித் தட்டினாள்.
மூன்றாவது தட்டில் என் தோள் தானாகச் சுருங்கியது.
நான்கு. ஐந்து.
கட்டை இரண்டாய் விழுந்தது,
அவள் இன்னொன்றை எடுத்தாள்.
பதினொன்று வரை எண்ணினேன்.

விலையைக் கொடுத்தாள், பேரம் இல்லை.
"இப்போது பழையதற்கு என் பணம்" என்றாள்.
எண்ணிக் கொடுத்தேன்.
அவள் எண்ணி வாங்கினாள்.
புதுக் கத்தியின் முதல் வேலை
பாலாடைக்கட்டியை நறுக்கி
என் காப்பியிலும் அவள் காப்பியிலும் போட்டது.

மே மாதக் கடைசியில்
மீன் பிடிக்கப் போன பையன் ஒருவன்
காகிதத்தில் சுற்றி எதையோ கொண்டுவந்தான்.
அலகு.
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
ஒரு புள்ளி துரு இல்லை.
அதை மட்டும்
உண்மையாகத்தான் சொல்லி விற்றிருக்கிறேன்.