கால்தடக் கணக்கு

பனி விழுந்த மறுநாள்
ஊரின் வண்டவாளமெல்லாம்
நிஜமாகவே தண்டவாளத்தில் ஏறிவிடுகிறது.

பின்லாந்தின் நடுவில்
ஒரு மர ஆலையும் ஒரு மளிகைக் கடையும் கொண்ட சிற்றூர்.
வீடுகள் இந்தப் பக்கம். கடை அந்தப் பக்கம்.
நடுவே இரட்டை ரயில் பாதை.
குனிந்து எண்ணிக்கொண்டிருக்கிறாள்
ரயில்வே அனுப்பிய பெண்.
பெயர் ரைலி.
(சிரிக்க வேண்டாம். அங்கே அது வெறும் பெண்பெயர்.
ரயிலுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.)

காலை ஏழு மணி, இன்னும் இருட்டு.
நெற்றியில் விளக்கு. கையில் பென்சில்,
பேனா என்றால் உறைந்துவிடும்.
பள்ளிப் பிள்ளைகள் ஒருவர் தடத்தில் ஒருவர் மிதித்துப் போயிருக்கிறார்கள்:
ஆறா, ஏழா?
ஒரு நாய், அது இழுத்துப்போன ஓர் ஆள்.
சறுக்குவண்டி ஒன்றின் இரண்டு மெல்லிய கோடுகள்,
பெரிய தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டும்
ஒரு குட்டித் தண்டவாளம்.
முயல் கணக்கில் இல்லை.
மொத்தம் நாற்பத்திரண்டு.

'நுழையாதீர்' என்ற மஞ்சள் பலகைக்கு
நேர் கீழேதான் போகிறது ஒற்றையடிப் பாதை.
பலகையின் மூலையில் யாரோ மாட்டியிருக்கிறார்கள்
யாரோ தொலைத்த ஒற்றைக் கையுறையை.

நவம்பரில் வேலி போட்டார்கள், முந்நூறு மீட்டர்.
முந்நூற்றோராவது மீட்டரில்
புதிய பாதை பிறந்தது.

மரம் ஏற்றிய வண்டியை ஓட்டுகிற ஓஸ்மோ
காப்பிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பியபடி சொன்னான்:
"பிரேக் பிடித்தால் ஒரு கிலோமீட்டர் தள்ளித்தான் நிற்கும்.
அந்த ஒரு கிலோமீட்டரும் நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.
ஹார்ன் அடிக்கலாம். கண்ணை மூடிக்கொள்ளலாம்.
நான் மூடுவதில்லை.
போன வாரம் சிவப்புத் தொப்பிக்காரி ஒருத்தி
மயிரிழையில் தாண்டிப் போய்,
திரும்பி எனக்குக் கையசைத்தாள்,
வழிவிட்டதற்கு நன்றி என்பதுபோல.
அடுத்த நிலையத்தில் இறங்கி வாந்தியெடுத்தேன்."

அன்று மாலை ரைலி சட்டப்படி நடந்து பார்த்தாள்.
சுரங்கப்பாதை வழியாகக் கடைக்குப் பதினான்கு நிமிடம்.
முழங்கால் வரை பனி, அள்ளுவாரில்லை.
விளக்கு எரியவில்லை.
உள்ளே தன் மூச்சே தன்னைத் துரத்துவதுபோல் கேட்டது.
பாதித் தூரத்தில் உறைத்தது:
அந்தப் பக்கத்தை எண்ண
தினமும் குறுக்கே போய்வருகிறவள் யார்?
நாற்பத்திரண்டில் இரண்டு
அவள் பூட்ஸ்.

நகராட்சிக்குத் தொலைபேசினாள்.
"சுரங்கப்பாதையா? பனி அள்ளும் பட்டியலில்
அது கடைசி" என்றாள் பிர்க்கோ.
"முதலில் போடுங்கள்."
"முதலில் நகராட்சி அலுவலகம்."
"அலுவலகத்துக்குக் குறுக்கே ரயில் ஓடுகிறதா?"
அந்தப் பக்கம் நெடுநேரம் சத்தமில்லை.

ஜனவரியில் அள்ளினார்கள். விளக்கும் வந்தது.
நாற்பத்திரண்டு ஒன்பதாயிற்று.
தலைமையகம் எழுதியது:
வேலி நல்ல பலன் தருகிறது.

அந்த ஒன்பதில் சறுக்குவண்டிக் கோடுகளும் உண்டு.
ஒருநாள் காத்திருந்து பிடித்தாள்.
உருளைக்கிழங்குப் பையோடு ஒரு பெண். சிவப்புத் தொப்பி.
"ரயில் வருகிற நேரம் எனக்குத் தெரியும்" என்றாள்.
"நீங்கள் வருகிற நேரம்
ரயிலுக்குத் தெரியாதே."
பதில் இல்லை.
ரைலி ஓஸ்மோவைப் பற்றிச் சொன்னாள்,
வாந்தியைப் பற்றியும்.
அந்தப் பெண் தொப்பியைக் கழற்றி
கையில் வைத்துக்கொண்டாள்.
குளிரில் காதுகள் சிவந்தன.

மறுநாள் காலை
இரண்டு மெல்லிய கோடுகள் பாதையின் விளிம்புவரை வந்திருந்தன.
அங்கே ஆழமான இரு பாதங்கள்,
வெகுநேரம் நின்றவை.
அதற்கு அப்பால் எல்லாவற்றின் மேலும்
புதுப் பனி.

போனாளா, திரும்பினாளா?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
பென்சிலை நாவில் தொட்டு
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு,
அந்தப் பக்கத்தை எண்ண ரைலி
சுற்றிப் போனாள்.
பதினான்கு நிமிடம்.