தறிச்சத்தம் நீக்கப்பட்டது

சோமனூர்த் தறிக்கூடம், இரவு ஷிப்டு.
ஒருத்தன் கையில் உடுக்கை, இன்னொருத்தன் கையில் போன்.
நாற்பத்தொரு நிமிடப் பதிவு.
கணபதியில் என் அறைக்கு வந்ததும்
செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தேன்:
சத்தத்தை எடு, பாட்டை விடு.

பன்னிரண்டு தறிகளும் ஒரே சொடுக்கில் நின்றன.
குரல் மட்டும்
கடைசி பஸ் போன ஸ்டாண்டில் நிற்பவனாட்டம்.
உடுக்கை தப்பித் தப்பி விழுந்தது.
நிமிர்த்தட்டுமா என்றது.
நிமிர்த்து என்றேன். எனக்கு வேறு வேலை பாக்கி.

போனில் கேட்டான் சென்னியப்பன்.
"யாருங்க இது? நல்லாத்தான் அடிக்கறான்.
ஆனா தறி ஓட்டாதவன்."

அப்புறம்தான் பழைய பதிவை
விளக்கணைத்துக் கேட்டேன்.
உடுக்கை தப்பவே இல்லை.
நாடா போய்த் திரும்பும் சந்தில்
உட்கார்ந்திருந்தது அவன் விரல்.
பதினேழாம் நிமிடத்தில் இழை அறுந்து
ஒரு தறி நிற்கிறது.
பாடுகிறவனே எழுந்து போகிறான்,
முடிச்சு விழும்வரை
'சாமீ'யின் ஈயை இழுத்துக்கொண்டு,
தூரத்திலிருந்து.
அந்த இடத்தைத்தான்
பிழையென்று வெட்டி, தையல் தெரியாமல் ஒட்டியிருந்தது.

தறிகளைத் திரும்ப வைத்தேன்.
அதனிடமே கேட்டேன்:
எந்தத் தறி எந்தத் தாளம், பிரித்துக் காட்டு.
காட்டியது, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறமாக.
ஏழாவது மட்டும் லேசாக நொண்டியது.

படத்தை அனுப்பினேன்.
உடனே பதில்:
"ஏழுக்கு பிக்கிங் பெல்ட் மாத்தோணுங்க.
பாட்டுக்காகத்தான் மாத்தாம வெச்சிருக்கறன்.
மொதலாளிகிட்டச் சொல்லீறாதீங்க."