பதினோராம் கட்டம்

முஹரக்கில் என் டைப்பிங் சென்டர்.
பக்கத்துக்கு ஐந்நூறு ஃபில்ஸ்.
விசா ரத்து, சம்பளப் பாக்கி,
பிணத்தை ஊருக்கு அனுப்ப அரபியில் மூன்று பிரதி,
எல்லாம் அடித்திருக்கிறேன்.
இதை அடித்ததில்லை.

தமிழில் இதற்கு என்ன சொல், கேட்டாள் வக்கீல் ரபாப்.
ஆட்கொணர்வு.
அப்படியென்றால்?
ஆளைக் கொண்டுவா.
அவ்வளவுதானா?
அவ்வளவுதான்.
(எங்கள் மொழியில் கடவுளும் ஆட்கொள்வான்.
அதற்கு மனு வேண்டாம்.)

ஆள்: ததேயு. நாற்பத்தொன்று. கடியப்பட்டணம்.
எஞ்சின் நின்ற லாஞ்சை நீவாடு இழுத்துப்போய்
அந்நியப் படைக்கப்பலின் அருகே விட்டது.
கூட இருந்த இருவரை அனுப்பிவிட்டார்கள்.
இவன் மடியில் ஒரு நோட்டு:
கோடுகள், எண்கள், மீன் கிடக்கும் பார்களின் கணியம்.
அவர்கள் அதை வேறு மாதிரி வாசித்தார்கள்.

பதினாலு மாதம்.

வேலிக்குள்ளே எங்கள் சட்டம் போகாது
என்றது இந்த ஊர் நீதிமன்றம்.
அது எங்கள் மண்ணில்லையே
என்று எழுதியது வேலிக்காரர்களின் நீதிமன்றம்.
தூதரகத்தில் டோக்கன் அறுபத்திரண்டு.
கண்ணாடித் துவாரம் சொன்னது:
அவர் அங்கே இருப்பதாக அவர்கள் சொல்லவில்லை.
மூன்று நாடு சேர்ந்து தூக்கிப் பிடித்ததில்
அவன் கால் எந்தத் தரையிலும் படவில்லை.

மனு திரும்பி வந்தது.
பதினோராம் கட்டம் காலி:
காவலில் வைக்கப்பட்டுள்ள இடம்.

அந்த வாரம் அவன் மனைவி
ஒரு கடிதத்தைப் படமெடுத்து அனுப்பினாள்.
பாதி வரிகளில் கறுப்பு மை. மீதி:

'கச்சான் அடிச்சா எண்ணெ வாடை.
கொண்டலுக்கு மாவு மில்லு மணம்.
விடியமுன்ன ரெண்டு பாங்கு கேக்கும்.
வலத்தது முந்தும்,
இடத்தது நாலு மூச்சு பிந்தும்.
பிளேனு எறங்குறது தலைக்கு நேரா.
சின்னவளுக்கு காய்ச்ச விட்டுச்சா?'

மை பூசியவனுக்குக் கடற்கரைத் தமிழ் பிடிபடவில்லை.
காற்றைப் பற்றிப் புலம்புகிறான் என்று
விட்டிருக்கிறான்.

புலம்பலா?
கோயில் கோபுரத்தையும் மலைமுகட்டையும்
ஒரே கோட்டில் நிறுத்தி
தண்ணீருக்கடியில் பாறையைக் கண்டுபிடிக்கிறவன்,
கண்ணைக் கட்டினால்
காதால் கோடு போட்டிருக்கிறான்.

மூன்று விடியற்காலை,
ரபாபின் பழைய காரில்.
முதல் நாள் பிந்தியது ஒரு மூச்சு.
இரண்டாம் நாள் காற்றே இல்லை.
மூன்றாம் நாள், ஒரு முள்கம்பி வேலிக்கு இப்பால்,
மாவு வாசனை.
வலப்பக்கம் பாங்கு எழுந்தது.
ஒன்று. இரண்டு. மூன்று.
நான்காவதை ரபாப் உள்ளே இழுத்தபோது
இடப்பக்கம் எழுந்தது.
விளக்கோடு ஜீப் ஒன்று எங்களை நோக்கித் திரும்பியது.

பதினோராம் கட்டத்தில் அடித்தேன்:
இரண்டு பள்ளிவாசல்களின் பெயர், மில்லின் பெயர்,
விமானம் இறங்கும் திசை,
இவை வெட்டிக்கொள்ளும் புள்ளி.
கட்டம் போதவில்லை.
எழுத்தைச் சிறிதாக்கினேன்.

காசு வாங்கவில்லை என்று எழுத ஆசைதான்.
வாங்கினேன், ஐந்நூறு ஃபில்ஸ்.
அவன் பேரில் ரசீது போடு, என்றாள் ரபாப்.
இப்படி ஓர் ஆள் உண்டு என்பதற்கு
அதுவும் ஒரு காகிதம்.