குறிப்பேட்டில் நான் சேர்த்த ஒரு சொல்

காசு போட்டால் ஏறும் எங்கள் லிஃப்ட்
அன்று ஐந்தாம் மாடியில் நின்றுவிட்டது.
கூட்டத்தைப் படிக்கட்டிலேயே வைத்துக்கொண்டோம்.
திபிலிசியில் நவம்பர் இருட்டு,
பதினேழு வீட்டுக்காரர்கள், ஆறு நாற்காலி,
சூரியகாந்தி விதை உடையும் ஓசை.
குறிப்பெழுதுவது என் பொறுப்பு.
என் கையெழுத்து அழகு என்பதைத் தவிர
அதற்கு யாரும் காரணம் சொன்னதில்லை.

மூன்றாம் மாடி நுக்சார் எழுந்தார்.
"கீழே ரொட்டிக்கடை வந்தது ஆகஸ்டில்.
என் சுவரில் விரிசல் வந்தது அக்டோபரில்."
அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.
இரண்டு வாக்கியத்துக்கும் நடுவே
ஒரு விரல் நுழையும் இடைவெளி.
அதை அவர் தாண்டவில்லை.
நாங்கள்தான் கூட்டமாகத் தாண்டினோம்.

"செப்டம்பரில் என் பல் விழுந்தது,
அதையும் அடுப்பின் கணக்கில் எழுதுங்கள்" என்றாள் லம்சிரா.
"லிஃப்டுக்கே காசு போடாதவருக்குச்
சுவரைப் பற்றி என்ன பேச்சு?" என்றார் கேலா.
நுக்சார் காசு போடுவதில்லை, உண்மை.
அதைக் கேட்டு விரிசல் மூடிக்கொள்ளவில்லை.

"இன்று அடுப்பு, நாளை ஆலை,
மறுநாள் ரயிலே சமையலறைக்குள் வரும்!"
"என் மாமனார் முப்பது வருஷம் இங்கேதான் இருந்தார்,
சுவர் அசையவே இல்லை."
"மாமனாரும்தான் அசையவில்லை" என்றது
மேல்படியில் ஒரு குரல்.
சிரிப்பை ஓட்டாக எண்ணியிருந்தால்
தீர்மானம் அங்கேயே ஏகமனதாக நிறைவேறியிருக்கும்.

ரொட்டிக்கடை ஜும்பேர்
மாவு படிந்த கையோடு நின்றான்.
"என் ரொட்டி நன்றாக இல்லையா?" என்றான்.
யாரும் அதைக் கேட்கவில்லை.
ஆனாலும் எல்லோரும் பதில் சொன்னோம்:
நன்றாகத்தான் இருக்கிறது.
பாதிப் பேர் அத்தோடு எழுந்து போனார்கள்.

இரவு குறிப்பைச் செப்பனிட்டேன்.
"கடை ஆகஸ்டில் திறந்தது, ஆகவே
சுவர் விரிந்தது என நுக்சார் வாதிட்டார்."
வாக்கியம் நொண்டக் கூடாதென்று
நான் கொடுத்த ஊன்றுகோல் அந்த ஆகவே.
காலையில் வாசலில் ஒட்டினேன்.
கேலா அதை உரக்கப் படித்து
"காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை" என்றார்.
நானும் சிரித்தேன். வாதம் ஓட்டை,
அப்படியானால் சுவருக்கு ஒன்றுமில்லை என்று
நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன்.
அதுவும் ஓர் ஆகவே. எழுதாதது.

டிராம் பணிமனையில் வேலை பார்க்கும் மெடேயா
கூட்டத்தில் வாயே திறக்கவில்லை.
மறுநாள் விரிசலின் குறுக்கே
மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை வைத்து
இரு முனையிலும் சாந்து பூசி
பென்சிலால் தேதி போட்டுவிட்டுப் போனாள்.
சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும்.

உடைந்தது. பிப்ரவரி பத்தொன்பது.
ஜும்பேர் தம்பியைப் புதைக்க ஊருக்குப் போய்
அடுப்பு மூன்று வாரமாக ஆறிக்கிடந்த நேரம்.
"பார்த்தீர்களா, அடுப்பே எரியவில்லை!" என்றார் கேலா.
"சூடாகவே இருந்த சுவர்
குளிர்ந்தால் சுருங்காதா?" என்றார் நுக்சார்.
இருவரும் மெடேயாவைப் பார்த்தார்கள்.
"இன்னும் தெரியாது" என்றாள்,
அடுத்த கண்ணாடியை ஒரு சாண் கீழே ஒட்டியபடி.

தெரியாது என்பதற்கு
என் குறிப்பேட்டில் கட்டம் இல்லை.
ஆதரவு, எதிர்ப்பு, வராதவர்
மூன்றுதான் அச்சடித்திருக்கிறார்கள்.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

அன்று மாலை நுக்சார் கதவைத் தட்டினார்.
நவம்பர்ப் பக்கத்தைக் கேட்டார்.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
விரல் வைத்துப் படித்தார்.
"இந்தச் சொல்லை நான் சொல்லவில்லை."
"இல்லை. நான்தான். அடித்துவிடுகிறேன்."
பேனாவை எடுத்தேன்.
அவர் என் கையைத் தடுத்தார்.
"சொல்லவில்லை. ஆனால் அதைத்தான் நினைத்தேன்.
இருக்கட்டும்."

பிறகு வழக்கம்போல
லிஃப்டைப் பார்க்காமல்
படியேறிப் போனார்.