கத்தாத பெட்டி

ஹலிபக்ஸ் துறைமுக வாசலில் இரண்டு தூண்கள்.
இடையில் லொறிகள் நடைவேகத்தில் ஊர்கின்றன.
தூண் கத்தினால் எழும்புவது என் வேலை.

நேற்றிரவு மூன்று தரம் கத்தியது.
முதலில் பூனைகள் கழிக்கிற மணல், இருபது தொன்.
பிறகு குளியலறை ஓடுகள்.
மூன்றாவது லொறியில் பெட்டியே இல்லை,
கத்தியது சாரதிக்கு.
கிளாரன்ஸ் பூட்டிலியே, அறுபத்திரண்டு வயது,
கழுத்துக் கழலைக்கு அயடீன் மருந்து குடித்து நாலு நாள்.
"நான்தான் குண்டு" என்று
பனிக்குள் இறங்கி இரண்டு கையையும் தூக்கினார்.
சிரித்தோம்.
கருவியைத் தொண்டைக்குக் கிட்டக் கொண்டுபோனபோது
சிரிப்பை நிறுத்தி எச்சில் விழுங்கினார்.

வாழைப்பழமும் கத்தும். கருங்கல்லும்.
உலகத்தில் அநேகமாய் எல்லாமே
கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

பயிற்சி வகுப்பில் லூசியன் கேட்டான்:
உண்மையானது வந்தால் எவ்வளவு கத்தும்?
சொல்லிக்கொடுத்தவள் தன் கோப்பிக் கோப்பையைப் பார்த்தாள்.
நன்றாய்ச் செறிவூட்டிய யுரேனியம் கூச்சக்காரி, என்றாள்.
ஈயத்தால் போர்த்திவிட்டால்
வாழைப்பழத்தைவிடக் குறைவாய்ப் பேசும்.

அன்றிலிருந்து
கத்துகிற பெட்டிக்கு நான் பயப்படுவதில்லை.

முத்திரை சரி, எண் சரி, போ என்று
முந்நூறாவது பெட்டிக்குக் கை காட்டும்போது
எங்கோ ஒரு கிடங்கில்
ஐந்து மாதமாய்ச் சம்பளம் வராத காவலாளி
சட்டைப்பையில் திறப்பைத் தடவியபடி படுத்திருப்பான்.
எங்கோ ஒரு அரசு
சனத்தின் பசியை அடுத்த வருடத்துக்கு ஒத்திவைத்துவிட்டு
ஒரு வரைபடத்துக்கு விலை பேசும்.
நாடே இல்லாதவனுக்கு வரைபடமும் பெரிய செலவு,
யாரோ செய்துவைத்ததைக் களவெடுத்தால் போதும்.
திருப்பி அடிக்க ஒரு முகவரி இல்லை,
அதுதான் அவனுடைய கோட்டை.

ஓமந்தையில் என் பையைக் கொட்டி
இரண்டு பற்றரிகளைத் தனியே எடுத்துவைத்தான் ஒரு சிப்பாய்.
எனக்குப் பத்தொன்பது வயது.
குண்டுக்கா, என்றான்.
ரேடியோவுக்கு, என்றேன்.
நம்பாத அந்தக் கண்களை
லொறியின் பக்கக் கண்ணாடியில் இப்போது காண்கிறேன்,
என் முகத்தில்.

இந்த ஊருக்குத் தெரியாததில்லை.
ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினேழு, டிசம்பர்.
வெடிமருந்து நிரம்பிய கப்பலொன்று
சிவப்புக் கொடி ஏற்றாமல் உள்ளே வந்தது.
எதிரிக்கு மறைத்தது
ஊருக்கும் மறைந்துபோனது.
மோதி, எரிந்தது.
வேடிக்கை பார்க்கச் சனம் யன்னலுக்கு ஓடியது.
அன்று பிடுங்கி எடுத்த கண்களுக்கு
வைத்தியர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள்.
நங்கூரத் தண்டு, அரைத் தொன்,
நகரத்தைத் தாண்டிப் பறந்துபோய் விழுந்தது.
இப்போது அதன் பக்கத்தில் குனிந்து
யாரோ சப்பாத்து நாடா கட்டுகிறார்கள்.

சிலவேளை நட்பு நாட்டு நீர்மூழ்கியொன்று
கடற்படைத் துறைக்கு இளைப்பாற வரும்.
உள்ளே என்ன என்று கேட்பது மரியாதையில்லை.
அது போகிற வழியில் தூண் கிடையாது.
அவர்கள் கையில் இருந்தால் ஆபத்து,
எங்கள் பக்கம் இருந்தால் காவல்
என்று அகராதி அச்சடித்து வைத்திருக்கிறோம்.
யுரேனியத்துக்கு வாசிக்கத் தெரியாது.

இதை லூசியனிடம் சொன்னேன்.
வீட்டுக்குப் போய் நித்திரை கொள், என்றான்.

ஒன்பது மணிக்கு முன்பே வந்துவிட்டேன்.
சின்னவன் யன்னலில் மூக்கை ஒட்டியபடி
ஏதோ கப்பலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்,
கையில் பாதி வாழைப்பழம்.
கண்ணாடியை விட்டுத் தள்ளி நில், என்கிறேன்.
ஏன், என்கிறான்.
குளிரும், என்கிறேன்.