கட்டைக்கு அளவு

துப்பாக்கிக்குக் கட்டை செய்யச் சொல்லப் போனேன்.
ஐவர் கெதின் என்னைத்தான் முதலில் அளந்தார்.

நைட்டனில், மூடிய மாவு ஆலைக்கு மேலே பட்டறை.
கண்ணை மூடு என்றார்.
தோளில் ஏற்று. கன்னத்தை வை.
இப்போது திற. என்ன தெரிகிறது?
தொலைநோக்கியில் முக்கால் வட்டம் என்றேன்.
கடையில் வாங்கியது சராசரி மனிதனுக்குச் செய்த கட்டை,
அந்த ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை என்றார்.

விசையிலிருந்து தோள்வரை பதிமூன்றே கால் அங்குலம்.
பிறகு உள்ளங்கை, கழுத்து,
கன்ன எலும்புக்கும் கண்மணிக்கும் நடுவே உள்ள தூரம்.
இருபத்திரண்டு வருடம் தபால் பை தொங்கி
சரிந்துபோன வலத்தோளைக்கூட
பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.
கல்யாணத்துக்கு உடை தைத்தவள்
இதில் பாதிகூடக் கேட்கவில்லை.

மூன்று வால்நட் பலகைகள், மூன்றும் சாம்பல் நிறம்.
ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தார்.
உள்ளிருந்து வரிகள் எழுந்து வந்தன.
ஈரம் காய்ந்ததும்
ஒன்றுமே நடக்காததுபோல
பலகை முகத்தை மூடிக்கொண்டது.

மூன்றாவதைத் தொட்டேன்.
வேண்டாம். கைப்பிடியில் நார் குறுக்கே ஓடுகிறது,
ஒருநாள் கையோடு வந்துவிடும்.
அழகெல்லாம் பின்பக்கம் இருக்கட்டும்,
பிடிக்கிற இடம் நேராக இருக்கட்டும்.
இரண்டாவதுக்கு முன்பணம் கொடுத்தேன்.
சமையலறைக் கொதிகலன் மாற்ற வைத்திருந்த பணம்.
ஹுவ்விடம் இன்னும் சொல்லவில்லை.

பதினான்கு மாதம் ஆகும் என்றார்.
மரத்துக்கு அவசரமில்லை.
இந்தக் கட்டைதான் முந்திக்கொண்டது:
நவம்பரில் வலக் கடைவாயில் மேல்பற்கள் நான்கு,
ஒன்றன்பின் ஒன்றாக.
கன்னம் உள்ளே போனது.
தபால் வாங்குகிறவர்கள்
இளைத்துவிட்டாய் மெய்னிர் என்றார்கள்.
நான் மறுக்கவில்லை.

ஜனவரியில் பழைய போர்வையில் சுற்றி வந்தது.
இருபது பூச்சு எண்ணெய் குடித்த உடம்பு.
கட்டைவிரலுக்கு ஒரு பள்ளம்,
என் விரலைத் தவிர வேறெதுவும் அதில் உட்காராது.
கண்ணை மூடினேன். தோளில் ஏற்றினேன். திறந்தேன்.
வட்டத்தின் ஓரத்தில் கறுப்பாக ஒரு பிறை.

தொலைபேசியில் அவர் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு,
செதுக்கத் தெரியும் எனக்கு,
செதுக்கியதைத் திரும்ப வைக்கத் தெரியாது.
தோல் ஒட்டித் தரவா?
அந்த வரிகளின் மேலா? வையுங்கள் போனை என்றேன்.

சனிக்கிழமைப் போட்டி. ராயடருக்கு மேலே ஆட்டுச் சரிவு.
நாற்பது கஜத்தில் ஒரு தகர முயல்.
பிறை அப்படியே இருந்தது.
குளிருக்குப் பையில் வைத்திருந்த புதினா மிட்டாயைப்
பல் இல்லாத பக்கம் ஒதுக்கினேன்.
பௌர்ணமி.
முயல் விழுந்தது. அடுத்ததும். அதற்கடுத்த காகமும்.
ஏழாவதில் இனிப்பு கரையத் தொடங்கியது.
ஓரத்தில் நிழல் நகர்ந்தது,
எட்டாவது எலி என்னைப் பார்த்தபடி நின்றது.
நடுவர் டெல்வின், அட்டையைக் குறித்துக்கொண்டே,
போட்டி நேரத்தில் தீனியா என்றார்.
கருவி என்றேன்.

திங்கட்கிழமை டாக்டர் சவாட்ஸ்கா
செயற்கைப் பல்லுக்கு மெழுகு வைத்து அளவெடுத்தார்.
வெளிப்பக்கம் மூன்று மில்லிமீட்டர் தடிப்பாக வேண்டும்.
எதைக் கடிப்பதற்கு?
கடிக்க இல்லை, ஒரு மரத்தின் மேல் சாய்வதற்கு.
அவர் கையுறையைக் கழற்றினார்.
சிரிப்பார் என்று நினைத்தேன்.
அடுத்த வாரம் அந்த மரத்தைக் கொண்டுவர முடியுமா,
குழல் இல்லாமல்?

அதனால்தான் இன்று ஒன்பதே முக்காலுக்கு
பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில்
மடியில் ஒரு போர்வையோடு உட்கார்ந்திருக்கிறேன்.
எதிரே வாயில் பஞ்சு கடித்த பையன்
ஓரம் விலகிய போர்வையையே பார்க்கிறான்.
அது என்ன?
என் கன்னம் என்கிறேன்,
போன வருடத்தது.